தறி அவருடையது, சந்தை யாருடையது?

(சோமனூர் வட்டாரத்தில் நடைபெற்ற தொழிலாளர் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சப்படியும் போனசும் பேசுகிற இம்மேடையில் இன்று படம் போடுகிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். ஷிப்டு முடிந்து வந்து செல்போனைத் திறந்தால், நாலு கட்டத்தில் ஒரு சித்திரக்கதை வருகிறது. பார்க்கிறோம், சிரிக்கிறோம், அடுத்தவருக்கு அனுப்புகிறோம். அதைப் போட்டவர் யார், அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று நாம் கேட்பதில்லை. இன்று கேட்போம்.

நம்மில் பலர் சிறு வயதில் முத்து காமிக்ஸ் படித்தவர்கள். 1972ல் இரும்புக்கை மாயாவி கதையோடு சிவகாசியிலிருந்து அது வெளிவரத் தொடங்கியது. அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் பதிப்பாளர், அச்சகம், ஏஜெண்டு, கடைக்காரர் என்று பல கைகள் இருந்தன. இண்டர்நெட்டில் சுயேச்சையாகக் கதை போடுகிறவருக்கோ இவ்வளவு வேலையும் ஒரே தலையில் விழுகிறது.

அவருடைய நாளைப் பாருங்கள். முதலில் கதையை யோசிக்க வேண்டும். கட்டம் பிரித்துப் பென்சிலில் போட்டு, அதன்மேல் கோடு இழுத்து, வர்ணம் தீட்டி, பேச்சை எழுத வேண்டும். நாலு கட்டப் படம் ஒரு முழு நாளை விழுங்கிவிடுவதுண்டு. நாம் அதை அரை நிமிஷத்தில் பார்த்து முடிக்கிறோம். படம் முடிந்த பிறகு வாசகருக்குப் பதில் எழுதுவது, புத்தகப் பார்சல் கட்டுவது, தபாலாபீசுக்கு நடப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் பாக்கி. அவருக்கு வார விடுமுறை கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, பி.எப். கிடையாது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் வாசகர் வேறு பக்கம் போய்விடுவார்.

படத்தைப் பார்க்கக் காசு இல்லை. அப்படியானால் வருமானம் எங்கிருந்து? படங்களைத் தொகுத்துப் புத்தகமாக விற்கிறார். நம் திருப்பூரில் தைக்கிற பனியனைப் போன்ற ஒன்றில் தன் படத்தை அச்சடித்து விற்கிறார். கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் போட்டுக் கொடுக்கிறார். சில வாசகர்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்புகிறார்கள். இவை போதாதபோது பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு இரவில் படம் போடுகிறார்.

"அவர் சொந்தத் தொழில்காரர்தானே, முதலாளி இல்லையே?" என்று சிலர் சொல்வார்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் இருக்கிற நமக்கு இதற்குப் பதில் தெரியும். கூலிக்கு நெய்கிற விசைத்தறிக்காரருக்குத் தறி சொந்தம், கொட்டகை சொந்தம், கரண்டு பில்லும் சொந்தம். பாவும் ஊடையும் கொடுப்பவர் ஜவுளி உற்பத்தியாளர். கூலியை நிர்ணயிப்பதில் கை ஓங்கியிருப்பதும் அவருக்குத்தான். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் ஜில்லாக்களில் தறிகளை நிறுத்திப் போராட வேண்டி வந்தது இதனால்தானே? படக்காரர் நிலையும் அதுவே. பேனா அவருடையது. வாசகரிடம் போகிற பாதை பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை வைத்திருக்கிற கம்பெனியுடையது. எந்தப் படம் யார் கண்ணில் பட வேண்டும் என்று கம்பெனியின் கணக்கு தீர்மானிக்கிறது. படத்தோடு சேர்ந்து ஓடுகிற விளம்பரத்தின் காசில் பெரும்பகுதி அந்தக் கம்பெனிக்கே போகிறது.

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கே நேவர் கம்பெனி 2004ல் இத்தகைய சித்திரக்கதைகளுக்கென்றே ஒரு தளம் ஆரம்பித்தது. இன்று அது பெரும் தொழில். 2024 ஜூனில் அதன் வெப்டூன் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அந்நாட்டில் வாரம் தவறாமல் ஒரு அத்தியாயம், முழு வர்ணத்தில், பல பத்துக் கட்டங்கள் போட்டாக வேண்டும் என்பது வழக்கம். உலகமெங்கும் படிக்கப்பட்ட 'சோலோ லெவலிங்' கதைக்குப் படம் போட்ட ஜாங் சங்-ராக் 2022 ஜூலையில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 37. அவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது என்று அவருடைய ஸ்டுடியோ தெரிவித்தது. ஆயினும் படக்காரர்களின் தாங்க முடியாத வேலைச்சுமை பற்றி அந்நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. ஸ்பின்னிங்கில் நைட் ஷிப்டு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் ராண்டி மில்ஹாலண்ட் என்பவர் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'சம்திங் பாசிட்டிவ்' என்ற தொடரைப் போட்டு வந்தார். படம் தாமதமாகிறது என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். "என் ஒரு வருஷச் சம்பளத்தைத் திரட்டிக் கொடுங்கள், வேலையை விட்டுவிடுகிறேன்" என்று 2004ல் அவர் சவால் விட்டார். சிறுகச் சிறுக அனுப்பியே வாசகர்கள் அந்தத் தொகையைச் சேர்த்துவிட்டார்கள். அவரும் வேலையை விட்டார்!

மாதச் சந்தாவை வசூலித்துப் படைப்பாளிக்குக் கொடுக்கப் பேட்ரியான் என்ற கம்பெனி 2013ல் வந்தது. 2017 டிசம்பரில் அது புதுக் கட்டணம் அறிவித்தது. ஒரு டாலர் தருகிற ஏழை வாசகர் ஏறக்குறைய 1 டாலர் 38 சென்ட் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். படைப்பாளிகளும் வாசகர்களும் ஒன்றாகக் குரல் எழுப்பினார்கள். ஒரே வாரத்தில் கம்பெனி பின்வாங்கியது. தனித்தனியாக மனுப் போட்டிருந்தால் நடந்திருக்குமா?

தோழர்களே, வயிற்றுப்பாடு ஒரு பக்கம். ஆபத்து மறு பக்கம். 2017 அக்டோபர் 23ந் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வருமே மாண்டனர். அதை வேடிக்கை பார்த்த அதிகாரத்தைச் சாடி, சுயேச்சையாகப் படம் போடுகிற கார்ட்டூனிஸ்ட் பாலா கேலிச்சித்திரம் வெளியிட்டார். நவம்பர் 5ந் தேதி போலீஸ் அவரைச் சென்னையில் கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டு போயிற்று. பத்திரிகையாளர்கள் கண்டனம் எழுப்பினர். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. குச்சி உருவங்களால் 'சானிட்டரி பேனல்ஸ்' போடுகிற ரச்சிதா தனேஜாவுக்கு 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது.

1987ல் ஒரு அட்டைப்படத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சட்டசபை சிறைக்கு அனுப்பியது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடனின் இணையதளமே முடக்கப்பட்டது. அந்த ஸ்தாபனத்துக்கு வக்கீல் உண்டு. ஹைகோர்ட்டுக்குப் போக முடிந்தது. வீட்டு மேஜையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து படம் போடுகிறவருக்கு வாசகரைத் தவிர வேறு யார் துணை?

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. படத்தை அனுப்பும்போது அதிலுள்ள கையெழுத்தை வெட்டாதீர்கள். அந்தக் கையெழுத்துதான் அவருடைய கடைப்பலகை. பிடித்தவரின் புத்தகத்தை நாலு பேர் சேர்ந்தாவது ஒன்று வாங்குங்கள். சங்கத்து நோட்டீசுக்கும் மாநாட்டு விளம்பரத்துக்கும் படம் கேட்கும்போது, "நம்ம பையன்தானே, சும்மா போட்டுத் தரட்டும்" என்று சொல்லாதீர்கள். கூலியை முதலில் பேசுங்கள், வேலை முடிந்த அன்றே கொடுங்கள். கூலிக்காகப் போராடுகிறவர்கள் கூலி பாக்கி வைப்பது அழகல்ல.

படம் போடுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். அதனாலேயே தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைப் போன்றவர்களைத் தேடிச் சேருங்கள். விலையைச் சேர்ந்து பேசுங்கள். ஒருவருக்கு நோட்டீஸ் வந்தால் எல்லோரும் போய் நில்லுங்கள். தறி ஓட்டுகிறவர்களும் ஆரம்பத்தில் கொட்டகைக்கு ஒருவராகத்தான் இருந்தார்கள்.