சுவரொட்டியை எந்தச் சுவரில் ஒட்டுவது?

(தலித் எழுத்தாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதையைப் பத்திப் பேசச் சொன்னார்கள். நான் எழுதிக் கிழிச்சுப்போட்ட ஒரு வரியைப் பத்திப் பேசுறேன்.

சில வருசத்துக்கு முன்னால் வடமாவட்டத்தில் ஒரு சேரியைக் கொளுத்தினார்கள். ஊர்ப்பேரைச் சொல்லப்போவதில்லை, அந்தச் சனங்கள் இன்னும் அங்கேதான் பொழைக்கணும். தப்பியவர்கள் பிள்ளைகுட்டிகளோடு பக்கத்து ஊர்ச் சேரியில், சொந்தக்காரர் திண்ணைகளில் அகதிகளாகக் கிடந்தார்கள். நண்பர்கள் சிலர் சமாதானப் பிரச்சாரத்துக்குக் கிளம்பினோம். கவிஞன் என்பதால் சுவரொட்டி வாசகம் என் தலையில். 'இருதரப்பும் பகை மறப்போம், மனிதம் மலரட்டும்' என்று எழுதினேன். கீழே கைகுலுக்கும் படம், மேலே ஒரு புறா.

அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுடலாம் என்றார் ஒரு தோழர். எனக்கு அது சடங்காகத்தான் பட்டது.

போய் உட்கார்ந்தோம். நான் பேங்க்கில் கிளார்க் என்று தெரிந்ததும் வந்த முதல் கேள்வி: "பாஸ்புக்கு எரிஞ்சிபோச்சி சார், பணம் வருமா?" அப்புறம் ரேசன் கார்டு, பிள்ளையோட மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். ஒருமணி நேரம் அதுதான் பேச்சு. பிறகுதான் வாசகத்தைப் படிச்சுக் காட்டினேன்.

ஒரு பாட்டி கேட்டது: "இருதரப்புன்றியே தம்பி, நாங்க யார் ஊட்டக் கொளுத்தினோம்?"

ஒரு இளைஞன் படத்தைப் பார்த்தான். "டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸுண்ணே. இந்தக் கையை எவன் புடிப்பான்?"

"இத எங்க ஒட்டுவீங்க?" என்றார் ஒரு அம்மா. உங்க தெருவிலும்தான் என்றேன். "எங்க செவுரு கரியாக் கெடக்குது, பசை புடிக்காது. நாங்க சமாதானமாத்தான் கீறோம். ஊருக்குள்ள ஒட்டுங்க."

'இருதரப்பு' சாதாரணச் சொல் அல்ல தோழர்களே. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று இடங்களில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. அதையும் 'மோதல்' என்று சொன்னவர்கள் உண்டு. கொளுத்தியவனையும் எரிந்தவனையும் ஒரே தராசில் வைக்கிற சொல் அது. அதையேதான் நானும் கவிதை என்று எழுதியிருக்கிறேன்.

நாட்டு எல்லையைத் தாண்டியவன்தான் அகதி என்கிறது 1951ஆம் வருட அய்.நா. உடன்படிக்கை. அடுத்த ஊர்ச் சேரிக்கு ஓடினவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். ஆனால் தலித்தை வீட்டைவிட்டு, ஊரைவிட்டுப் போகவைப்பதே குற்றம் என்கிறது 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். உணவு, தண்ணீர், உடை, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் மாவட்ட நிர்வாகம் உடனே தரவேண்டும் என்பது 1995ஆம் வருட விதி. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் 2015 திருத்தம் குற்றமாகச் சேர்த்தது. இதில் ஒன்றும் என் சுவரொட்டியில் இல்லை. புறா இருந்தது.

அன்று ராத்திரி அவர்கள் சொல்லச்சொல்ல எழுதினேன். ஊருக்குள் ஒட்ட ஒன்று: 'வீடு கொளுத்துவது குற்றம். ஊரைவிட்டு விரட்டுவது குற்றம். சேரிக்கு வேலையும் மளிகைச் சாமானும் மறுப்பது குற்றம்.' கடைசி வரி பாட்டி சொன்னது: 'நாங்க திரும்பி வருவோம். நம்ம பிள்ளைங்க ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிக்குதுங்க.'

"கெஞ்சுற மாதிரி கீது" என்றான் அந்த இளைஞன். "நாளைக்குக் களையெடுக்க அவங்க நெலத்துக்குத்தான்டா போவணும்" என்றது பாட்டி. அந்தச் சண்டை தீரவில்லை. தீர்த்துவைக்க நான் யார்? இரண்டையும் அச்சடித்தோம். சேரிக்கு ஒரு துண்டறிக்கை: எரிந்த பாஸ்புக், கார்டு, சான்றிதழுக்கு யாரிடம் எப்படி மனு கொடுப்பது என்று. நான் எழுதியதில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான்.

சமாதானம் எழுதப்போகிற தோழர்களே, முதலில் எரிந்தவர்களிடம் படிச்சுக் காட்டுங்கள். அடிக்கச் சொன்னால் அடியுங்கள்.

ஊருக்குள் ஒட்டியதில் பாதியை மறுநாளே கிழித்துவிட்டார்கள். மனசு ஒடிஞ்சுபோய் பாட்டியிடம் சொன்னேன். "படிச்சிட்டுத்தானே கிழிச்சிருப்பான்?" என்றது.