கணினிப் பழுதும் காரணம் காணும் நெறியும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் போற்றும் இவ்விழா மேடையில் கணினிப் பழுதைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக் கூடும். எண்ணிப் பார்ப்போமாக. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், தேர்வுக்குப் பதிவு செய்வதும், சான்றிதழ் பெறுவதும் இன்று கணினி வழியாகவே நடைபெறுகின்றன. விண்ணப்பத்தின் இறுதி நாளன்று அது நின்றுபோனால், அதனோடு ஒரு பிள்ளையின் ஓராண்டும் நின்றுபோகக் கூடும்.

2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேனிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கிற்று. நம் குடும்பங்கள் பலவற்றுள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவே. அவற்றுள் எத்தனையோ இன்று பரண்மீது கிடக்கின்றன. ‘கெட்டுப்போய்விட்டது’ என்ற ஒரு சொல்லோடு அவற்றின் கதை முடிந்தது. எது கெட்டது, எங்கே கெட்டது என்று கேட்டவர் சிலரே.

கணினி நின்றவுடன் வீட்டில் எழும் முதற்குரல் ‘தொடாதே’ என்பதாகும். அச்சொல்லை நம் முன்னோர் எத்தனையோ வாசல்களில் கேட்டு நொந்தவர்கள். அறிவின் வாசலில் நமக்கு நாமே அதைச் சொல்லிக்கொள்ளலாகாது. ஆயினும், தொடுவதற்கும் ஒரு முறை உண்டு. அம்முறையை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பழுதுக்கு இடம் நான்கு. முதலாவது மின்சாரம், இரண்டாவது உறுப்புகள், மூன்றாவது டிரைவர் எனப்படும் இயக்கி, நான்காவது மென்பொருள். அடித்தளத்திலிருந்து மேல்தளம் செல்வதுபோல இவ்வரிசையிலேயே தேடிச் செல்லுதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஒரே மூச்சில் நான்கினை மாற்றினால், கணினி ஓடத் தொடங்கினாலும் எதனால் ஓடிற்று என்பதை அறியோம். மறுமுறை அதே பழுது வரும்போது மீண்டும் இருளில் நிற்போம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. கணினி ஓரளவேனும் இயங்குமாயின், நம் கோப்புகளுக்கு முதலில் ஒரு படி எடுத்துக்கொள்ள வேண்டும். கெட்ட உறுப்பைக் காசு கொடுத்து மாற்றலாம். சான்றிதழ்ப் படிகளையும் மூன்றாண்டுக் குறிப்புகளையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. பென் டிரைவில் ஒன்று, வேறொரு கணினியிலோ இணையச் சேமிப்பிலோ மற்றொன்று என ஈரிடத்தில் வைத்தல் நலம்.

இனி முதற்படியான மின்சாரத்தைக் காண்போம். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை எனில், கணினியைக் குறை கூறுமுன் சுவரைப் பார்க்க வேண்டும். அதே பிளக்கில் வேறொரு விளக்கைச் செருகி மின்சாரம் வருகின்றதா என அறிக. மேசைக் கணினியாயின் பெட்டியின் பின்புறத்திலும் ஒரு சுவிட்சு இருக்கக் கூடும். துடைக்கும்போது அது அணைந்திருக்கலாம். மடிக்கணினியாயின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பின்னர் மீண்டும் சார்ஜரைச் செருகித் தொடங்கிப் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை நாம் ஒருபோதும் திறத்தலாகாது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கும் அப்பெட்டியினுள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை மாற்றலாம், பிரித்தல் கூடாது.

விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது, ஆனால் திரை இருண்டு கிடக்கின்றது எனில், இரண்டாம் படியாகிய உறுப்புகளுக்கு வருகின்றோம். முதலில் திரைக்குச் செல்லும் வடத்தை இருபுறமும் கழற்றி அழுத்திச் செருக வேண்டும். பின்னர்ச் செவி கொடுத்துக் கேட்க வேண்டும். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. காலம் முதற்கொண்டே கணினி விழித்தவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கின்றது. குறை கண்டால் ‘பீப்’ என ஒலிக்கின்றது. புதிய பலகைகள் சிலவற்றில் சிறு விளக்கு எரிகின்றது. எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆதலின் அந்தந்த மாதிரியின் கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ளுதல் வேண்டும்.

இருண்ட திரைக்குப் பெரும்பாலும் காரணமாவது, ரேம் எனப்படும் நினைவகம் தன் இருக்கையில் தளர்ந்திருப்பதாகும். பிளக்கை முற்றிலும் கழற்றிவிட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்கும்படி பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டபின், அதை எடுத்துத் தூசியைத் துடைத்து மீண்டும் சொடுக்கொலி கேட்கும் வரை செருகலாம். நினைவகத் துண்டு இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் கெட்டது எது என அறியலாம்.

தொடங்கிச் சிறிது நேரத்தில் தானே அணையும் கணினியில் வெப்பத்தை ஐயுற வேண்டும். விசிறியில் தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. உயிர் காக்கவே கணினி தன்னை அணைத்துக்கொள்கின்றது. மெத்தைமீது வைத்து மடிக்கணினியை இயக்குவதும் இதே கேட்டினைத் தரும். நிலைவட்டு ‘டக் டக்’ எனத் தட்டும் ஒலி எழுப்பினாலோ, அது விடைபெறும் ஒலி என்று கொண்டு, வேறு எதையும் முயலாமல் கோப்புகளைக் காப்பாற்ற முனைய வேண்டும்.

மிகச் சிறிய காரணம் ஒன்று மிகப் பெரிய குழப்பத்தைத் தருவதும் உண்டு. இணையம் வருகின்றது, ஆயினும் ஒவ்வொரு தளமும் ‘பாதுகாப்பற்றது’ எனக் கூறித் திறக்க மறுக்கின்றது. இதை வைரஸ் என்று அஞ்சுவோர் பலர். அவர்கள் திரையின் மூலையிலுள்ள தேதியைப் பார்ப்பதில்லை. அங்கே பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி நிற்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி பிழைபட்டால் சான்றும் பிழையெனத் தோன்றும். தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். அணைத்து எழுப்பியபின் மீண்டும் பிழைபடுமாயின், தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் வட்ட மின்கலம் தீர்ந்தது என்று பொருள். சிறு காசுக்குக் கிடைக்கும் அம்மின்கலத்தை அறியாதவர் புதுக் கணினி வாங்கவும் துணிவர்.

மூன்றாம் படி இயக்கி. உறுப்பின் மொழி வேறு. விண்டோஸ் போன்ற இயக்க முறைமையின் மொழி வேறு. இரண்டுக்கும் இடையே நின்று பேசும் துபாஷியே இயக்கி. ஒலிபெருக்கி நலமாக இருந்தும் ஒலி வாராமை, பிரிண்டர் நலமாக இருந்தும் அச்சிடாமை, வைஃபை பொத்தானே காணாமற்போதல் ஆகியவற்றில் பல, துபாஷி இல்லாமையால் அல்லது தவறாகப் பேசுவதால் விளைவன. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்தால் உறுப்புகளின் பட்டியல் தோன்றும். குறையுள்ள உறுப்பின்மேல் மஞ்சள் நிறக் குறி நிற்கும். அதைத் திறந்தால் ஓர் எண் காணப்படும். 28 என்றால் இயக்கி நிறுவப்படவில்லை. 10 என்றால் உறுப்பு தொடங்கவில்லை. 43 என்றால் உறுப்பே குறையை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திற்று என்பது பொருள். புதுப்பித்தபின் பழுது வந்திருந்தால், அதே இடத்தில் பழைய இயக்கிக்குத் திரும்பும் வழியும் உண்டு.

இயக்கியைப் பெறுமிடம் கணினியை அல்லது உறுப்பைச் செய்த நிறுவனத்தின் தளமே. கணினியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கே தேடுதல் வேண்டும். ‘எல்லா டிரைவரையும் ஒரே நொடியில் தருவோம்’ எனக் கூவி அழைக்கும் மென்பொருள்களை நாடலாகாது. அவை தேவையற்ற சரக்கையும் உடன் இறக்கிவிடக் கூடும். வைஃபை இயக்கியே இல்லையெனில், கைப்பேசியை யு.எஸ்.பி. வடத்தால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குத் தந்து, இயக்கியை இறக்கிக்கொள்ளலாம்.

இவையெல்லாம் வீட்டுக் கணினிக்கு மட்டுமே உரிய சிறு வித்தைகள் என்று எண்ண வேண்டா. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. இயக்கிகள் இயங்கும் ஆழத்திலேயே அம்மென்பொருளும் இயங்கியதால், அதன் பிழை கணினியையே வீழ்த்தி நீலத் திரையில் நிறுத்திற்று. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அதற்குக் கூறப்பட்ட மருந்து யாது? கணினியை சேஃப் மோடு என்னும் நிலையில் தொடங்கி, பிழையான கோப்பை நீக்கி, மீண்டும் தொடங்குதல். இன்றியமையாத இயக்கிகளை மட்டும் கொண்டு கணினியை எழுப்புவதே சேஃப் மோடு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்குரிய வழி தோன்றும். உலகின் பெரும் நிறுவனங்களுடைய பொறியாளர் கையாண்ட வழி நம் இல்லத்து மேசைக்கும் உரியதே.

நான்காம் படி மென்பொருள். கணினி மந்தமாயின் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எந்த மென்பொருள் நினைவகத்தையும் வட்டையும் விழுங்குகின்றது எனக் காணலாம். கணினி விழிக்கும்போதே தாமும் எழுந்துகொள்ளும் தேவையற்ற மென்பொருள்களை அங்கேயே நிறுத்தலாம். வட்டு நிறைந்திருப்பினும் மந்தம் வரும்.

தமிழர்க்கே உரிய பழுது ஒன்றும் உண்டு. கடிதத்தைத் திறந்தால் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். கோப்பு கெடவில்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு அது; அவ்வெழுத்துரு நம் கணினியில் இல்லை. அதனை நிறுவினாலோ, யூனிகோடுக்கு மாற்றினாலோ தமிழ் தோன்றும். தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை 2010இல் ஏற்றுக்கொண்டது. இனி நாம் எழுதுவனவற்றை அம்முறையிலேயே எழுதினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

திரையில் திடீரெனச் சிவப்பு எச்சரிக்கை தோன்றி, ‘வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்றால், அது மருத்துவன் குரலன்று, கள்வன் குரல். அழைத்தலும் பணம் செலுத்துதலும் கூடா. பணம் இழந்தோர் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தல் வேண்டும்.

பழுது உறுப்பிலா, மென்பொருளிலா என ஐயம் எழும்போது அதைத் தீர்க்க ஓர் உரைகல் உண்டு. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயக்க முறைமைகளைப் பென் டிரைவில் இட்டு, வட்டில் எதையும் நிறுவாமலே கணினியைத் தொடங்கலாம். அதில் ஒலியும் வைஃபையும் நன்கு இயங்குமாயின் உறுப்புகள் நலம். பழுது விண்டோஸில் அல்லது அதன் இயக்கியில் உள்ளது எனத் துணியலாம். விண்டோஸ் எழ மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை மீட்கவும் இவ்வழி பெரும்பாலும் உதவும். வட்டு பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதன் மீட்புத் திறவெண் வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் முடிவுற்றன. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பரண்மீதுள்ள பழைய மடிக்கணினிகளுள் பலவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தரக் கூடும்.

எல்லாம் முயன்றபின் கடைக்குச் செல்வதில் இழிவில்லை. ஆனால் வெறுங்கையோடு செல்லலாகாது. என்று நின்றது, அதற்கு முன் என்ன செய்தோம், திரையில் தோன்றிய சொற்கள் யாவை, எவற்றைச் சோதித்தோம் என எழுதிய தாளோடு செல்ல வேண்டும். ‘பார்மட் செய்துவிடலாம்’ என்று கூறினால், கோப்புகளுக்குப் படி எடுத்தீரா என்று கேட்க வேண்டும். உறுப்பை மாற்றினால் பழையதைக் கேட்டுப் பெற வேண்டும். காரணம் அறிந்து கேட்பவரை ஏமாற்றுதல் எளிதன்று.

எழுதி வைத்தலின் பெருமைக்கு ஒரு சான்று. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணினி பழுதுற்றது. தேடியவர்கள் 70ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதை எடுத்தெறிந்து செல்லவில்லை. குறிப்பேட்டில் ஒட்டி, பிற்பகல் 3.45 மணி என நேரமும் குறித்தனர். அவ்வேடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றது.

அத்தகைய ஏடு ஒன்றை நம் சங்கப் படிப்பகத்திலும் தொடங்குவோமாக. எவர் வீட்டில் எப்பழுது வந்தது, எக்காரணம் காணப்பட்டது, எவ்வழியில் தீர்ந்தது என ஒவ்வொருவரும் அதில் எழுதுவோமாக. ஒருவர் கற்றது ஊருக்குப் பயன்பட வேண்டும். தமக்குள் பூட்டி வைத்த அறிவினால் நேர்ந்த தீங்கினை நம்மைவிட நன்கு அறிந்தவர் இலர். அடுத்த விடுமுறையில் இளைஞர்கள் பரண்களிலிருந்து மடிக்கணினிகளை இறக்கிக்கொண்டு வருக. எந்தப் படியில் பழுது என்று வரிசையாகத் தேடுவோம். இயங்குவனவற்றை, கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் கைகளில் ஒப்படைப்போம்.