நிலத்தில் பறப்போரும் வானில் பறப்போரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, நியூயோர்க் மாநிலத்துப் பிங்கம்ரன் நகரில், எட்வின் லிங்க் என்றோர் இளைஞர் வாழ்ந்தார். அவருடைய தந்தையார் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தவர். மகனுக்கோ பறப்பிலே பெருவிருப்பம். 1920 ஆம் ஆண்டிலே அவர் பெரும்பணங் கொடுத்து முதற் பறப்புப் பாடத்துக்குச் சென்றார். ஆசிரியர் வானிலே குட்டிக்கரணம் அடித்துக் காட்டி மாணவரைத் திகைக்க வைத்தாரேயன்றி, கட்டுப்பாட்டுத் தடியைத் தொடுவதற்கு ஒருமுறையேனும் இடங்கொடுத்தாரில்லை. நிலத்தில் இருந்தவாறே இத்தொழிலின் முதற்படிகளைப் பழகிக்கொள்ள வழியில்லையா என்னும் எண்ணம் அந்த இளைஞர் உள்ளத்திலே வேரூன்றியது.

வழியைத் தந்தது தந்தையாரின் தொழிற்சாலையே. ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் அடைப்பிதழ்களையும் கொண்டு, ஒரு சிறு பெட்டியைச் சரியவும் திரும்பவும் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தார் லிங்க். 1929 ஆம் ஆண்டிலே அப்பொறி உருவாயிற்று. 'சிமியுலேற்றர்' என இக்காலத்தில் வழங்கும் போலிப் பறப்புப் பொறிகளுக்கெல்லாம் மூதாதை என அதனைக் கொள்ளலாம். ஆயினும் அதனை முதலில் விரும்பி வாங்கியோர் பறப்புப் பள்ளியினர் அல்லர், களியாட்டுப் பூங்காக்காரரே. காசு போட்டு ஏறி விளையாடும் பொருளாகவே அது சில காலம் இருந்தது.

1934 ஆம் ஆண்டு நிலைமை மாறியது. அமெரிக்க இராணுவத்தின் வான்படையிடம் விமானத் தபாலைச் சுமக்கும் பணி திடீரென ஒப்படைக்கப்பட்டது. முகிலுக்குள்ளும் பனிப்புயலுக்குள்ளும் மானிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகள் பலருக்கு இருக்கவில்லை. சில வாரங்களுக்குள் ஒரு டசின் விமானிகள் மாண்டனர். அதன் பின்னரே லிங்கின் பெட்டிகள் ஆறினை வான்படை விலைக்கு வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அப்பெட்டியில் அமர்ந்து பழகினர் என்பர். விளையாட்டுக்கும் வினைக்கும் இடையிலே இத்துறையில் என்றுமே உயர்ந்த மதில் இருந்ததில்லை என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்று.

கணினி வந்தபின் அந்த மதில் இன்னும் தாழ்ந்தது. இலினோய்ப் பல்கலைக்கழகத்திலே 1975 ஆம் ஆண்டிற் பறப்பைக் கணினித் திரையிற் காட்டுதல் பற்றி ஆய்வுரை எழுதிய புரூஸ் ஆட்விக், அவ்வாய்வின் வழியே வீட்டுக் கணினிக்கென ஒரு பறப்பு விளையாட்டை ஆக்கினார். 1982 ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ட் நிறுவனம் அவருடைய ஆக்கத்தை வெளியிட்டது. அவ்விளையாட்டின் பதிப்புகளிலே பல ஆண்டுகளாகப் பறப்புத் தொடங்கும் இடம் சிக்காகோ நகரத்து ஏரிக்கரையிலுள்ள மெய்க்ஸ் என்னும் சிறு விமானத்தளமாக இருந்தது. 2003 ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில், ஓர் இரவிலே, அந்நகர மேயரின் ஆணைப்படி அதன் ஓடுபாதை இயந்திரங்களால் உழுதழிக்கப்பட்டது. சிக்காகோவை வாழ்நாளிற் காணாதவர்களும் அன்று தம் ஊரையே இழந்தாற்போல வருந்தினர். வெறும் ஒளிப்புள்ளிகளாற் கண்ட ஓடுபாதை அத்துணை ஆழமாக மனத்திற் பதிந்திருந்தது.

இவ்வாறு வீட்டிலே பறந்து பழகியோரிற் பலர், பின்னர் உண்மையான விமானத்தை நாடிச் செல்கின்றனர். அவர்கள் முதலிற் சென்று சேருமிடம் பெரும்பாலும் கிளைடர்ச் சங்கமாக இருப்பதிற் காரணமுண்டு. கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். மற்றொரு விமானமோ நிலத்திலுள்ள சுழல்பொறி ஒன்றோ கயிறு கட்டி இழுத்து அதனை உயரத்துக்கு ஏற்றிவிடும். அப்பால், வெயிலாற் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றே அதற்குத் துணை. சங்கத்தார் தாமே ஒருவர்க்கொருவர் கயிறு பூட்டியும், சிறகு தாங்கியும், ஊதியமின்றிக் கற்பித்தும் வருவதாற் செலவும் குறைகின்றது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பதினான்கு வயதுச் சிறுவன் கிளைடரிலே தனித்துப் பறக்கலாம். எஞ்சினுள்ள விமானத்துக்கோ பதினாறு நிரம்பவேண்டும்.

வீட்டிற் பல நூறு மணி நேரம் பறந்து வரும் இம்மாணவரைக் கண்டு ஆசிரியர் மகிழ்வதும் உண்டு; பெருமூச்சு விடுவதும் உண்டு. மானிகளின் பெயரும் பயனும் அவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறங்குமுன் எவ்வொழுங்கிற் சுற்றி வரவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அவருடைய கண்கள் மானிகளை விட்டு அகலா. திரையின் முன் அமர்ந்தவர்க்கு உலகமே அச்சிறு சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. வெளியே நோக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? கிளைடர்கள் பல ஒரே வெப்பக்காற்றிலே நெருங்கி வட்டமிடுவன. பக்கத்திலே சுழல்பவனைக் கண்ணாற் காணாதவன் தன்னுயிரோடு அவனுயிரையும் பணயம் வைக்கின்றான். ஆகவே மானிகளைத் துணியால் மூடிவிட்டுக் கற்பிக்கும் ஆசிரியரைக் கடுமையானவர் என்று குறைகூறுதல் பொருந்தாது.

கண்ணுக்கு அடுத்தது கால். வீட்டிலே விளையாடுவோர் பலரிடம் கைத்தடி இருக்கும், கால்மிதிகள் இருப்பதில்லை. சுக்கானைக் கணினியே பார்த்துக்கொள்ளும். நீண்ட சிறகுடைய கிளைடரிலோ, ஒரு பக்கம் சரிக்கத் தடியை அசைத்தவுடன் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். அவ்விழுப்பைக் காலாலே உடன் திருத்தாவிடின் விமானம் காற்றிலே கோணலாகச் செல்லும். இதனைக் காட்டும் கருவி விலையுயர்ந்த மானி அன்று. கண்ணாடிக் கூண்டின் வெளியே ஒட்டிய ஒரு கம்பளி நூலே. நூல் நேராக நின்றால் பறப்புச் செவ்வையானது. தூங்கிக் கிடந்த கால்களை எழுப்புவதற்குள் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பல நாட்கள் கழிந்துவிடும்.

தரைக்குச் சில அடி உயரத்திலே மூக்கை மெல்ல உயர்த்தித் தொடவேண்டிய கணத்தில், உயரத்தை அளந்து சொல்வது ஓரக்கண். தட்டையான திரையிலே அதற்கு இடமில்லை. தலையில் அணியும் புதிய காட்சிக் கருவிகள் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளன. ஆயினும் வயிறு மேலெழும் உணர்ச்சியையும், காற்று குறைந்து ஒலி மங்கும்போது முதுகெலும்பிலே தோன்றும் எச்சரிக்கையையும் அவை தருவதில்லை. அச்சத்தையும் அவ்வாறே. வீட்டில் விழுந்தவன் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் எழலாம். எஞ்சினற்ற கிளைடரை இறக்க வருபவனுக்கு வாய்ப்பு ஒன்றே. தவறிற்று, மீண்டும் சுற்றி வருவோம் என்று மேலே ஏறமுடியாது. அமெரிக்கச் சட்டமும் இதனை உணர்ந்தே போலும், எஞ்சின் விமானத்துக்கான தனியார் உரிமத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச 40 மணி நேரத்திலே, ஏற்புப்பெற்ற போலிப் பொறியில் ஆசிரியருடன் பழகும் நேரம் பொதுவாக 2.5 மணிக்கு மேற்படின் கணக்கிற் கொள்வதில்லை. வீட்டிலே தனித்து விளையாடும் நேரத்துக்கு அங்கு இடமேயில்லை.

இவ்வளவு கூறியதால் வீட்டுப் பறப்பு வீண் என்று கொள்ளவேண்டா. இதன் மறுபுறத்தை உரைப்பவர்கள் தேர்ந்த விமானிகளே. ஐரோப்பாவிலே மாரிகாலம் வந்துவிட்டாற் கிளைடர்கள் கொட்டகைக்குள் முடங்கிவிடும். அம்மாதங்களிலே சங்கத்தார் பலர், சிலோவேனியா நாட்டினர் ஆக்கி 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட 'கொண்டோர்' என்னும் கிளைடர் விளையாட்டிலே அல்ப்ஸ் மலைகளின் மேல் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். எம்முகிலின் கீழ் எழுகாற்று இருக்கும், எப்பொழுது அதனை விட்டு அடுத்ததற்குப் பாயவேண்டும், மலைச்சரிவை எவ்வளவு அணுகலாம் என்னும் தீர்ப்புகளை அங்கே ஒரே மாலையிற் பன்முறை செய்து பார்க்கலாம்; உண்மை வானிலே அத்தனைக்குப் பல கோடைகள் வேண்டும். 2020 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்திலே விமானத்தளங்கள் மூடப்பட்டபோதும் அவர்களுக்குத் துணைநின்றது இதுவே. கயிறு நடுவில் அறுந்தால் என்செய்வது என்பதையும் போலிப் பொறியில் ஆபத்தின்றி நூறு தடவை பழகலாம். ஏற்கெனவே வானை அறிந்தவன் திரையிலே காணாததைத் தன் நினைவால் நிரப்பிக்கொள்கின்றான். அறியாதவனோ திரையிலே இல்லாததை உலகிலும் இல்லை என்று எண்ணிவிடுகின்றான்.

கிளைடர்ப் பழக்கம் பெரிய விமானத்திலும் கைகொடுத்த கதை ஒன்றுண்டு. 1983 ஆம் ஆண்டு யூலை மாதம் 23 ஆம் தேதி, மொன்றியலிலிருந்து ஒற்றாவா வழியாக எட்மன்ரனுக்குச் சென்ற எயர் கனடாவின் போயிங் 767 விமானம், எரிபொருள் தீர்ந்து நடுவானிலே இரு எஞ்சின்களையும் இழந்தது. கிலோகிராமிற் கணக்கிட வேண்டிய எரிபொருளை இறாத்தலிற் கணக்கிட்டதே காரணம். உள்ளே 69 பேர். தலைமை விமானி ரொபேட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணைவிமானி மொறிஸ் குவின்ரால், தாம் முன்பு பணிபுரிந்த கிம்லி என்னும் பழைய வான்படைத் தளத்தை நினைவுகூர்ந்தார். அணுகியபோது விமானம் மிக உயரத்திலும் மிக வேகத்திலும் இருந்தது. பியர்சன் தடியை ஒருபுறமும் சுக்கானை மறுபுறமும் திருப்பி, கிளைடர்காரர் செய்வதுபோல அப்பெரு விமானத்தைப் பக்கவாட்டிலே சரித்து நழுவவிட்டு உயரத்தைக் குறைத்தார். ஓடுபாதையின் ஒரு பகுதி அப்போது கார்ப் பந்தயத் திடலாகியிருந்தது; அன்று அங்கே குடும்பங்கள் கூடியிருந்தன. முன்சக்கரம் மடிந்து மூக்கு உராய்ந்து விமானம் நின்றது. ஓருயிரும் போகவில்லை.

பின்னர் வன்கூவரிலே, போலிப் பொறியில் அதே நிலைமையை வேறு விமானிகளுக்கு அளித்துப் பார்த்தபோது, முயற்சிகள் பல விபத்திலேயே முடிந்தன. பழுது நீங்கிய அவ்விமானம் 2008 ஆம் ஆண்டு சனவரி வரை பணியில் இருந்தது. மொகாவி பாலைவனத்துக்கு அது இறுதியாகப் பறந்தபோது பியர்சனும் குவின்ராலும் பயணிகளாக உள்ளே அமர்ந்திருந்தனர்.