லேசர் மெஷினுக்கும் வேர்க்கும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஐ.டி.ஐ. முடிச்ச நம்ம பொண்ணுங்க கீழே சேலத்துக்குப் பட்டறை வேலைக்குப் போறாங்க. இரும்புத் தகடு வெட்டுற லேசர் மெஷின்ல பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலைன்னு நிறைய பேர் கேக்குறீங்க. நான் அந்த மெஷின் ஆபரேட்டர்தான், அதனால சொல்றேன்.

வெட்டுறது மெஷினோட வேலை. அது ஏன் சரியா வெட்டலைன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை. தகட்டுக்கு அடியில பிசிறு ஒட்டினா எல்லாரும் உடனே பவரைக் கூட்டச் சொல்வாங்க. அதுக்கு முன்னாடி நாசிலைப் பாக்கணும். நாசில் வாயில டேப் ஒட்டி, கண் சிமிட்டுற நேரம் லேசர் விட்டா டேப்புல ஓட்டை விழும். அது நட்டநடுவுல விழலைன்னா ஒரு பக்கம் வழுவழுன்னு வெட்டும், மறுபக்கம் பிசிறடிக்கும். அடுத்தது கேஸ். எவர்சில்வருக்கு நைட்ரஜன், சாதா இரும்புக்குப் பெரும்பாலும் ஆக்சிஜன். நைட்ரஜன் சுத்தமில்லைன்னா வெட்டின ஓரம் மஞ்சளாகும்.

லென்சுக்குக் கீழே ஒரு வட்டக் கண்ணாடி இருக்கு. தெறிக்கிற பொறியைத் தாங்குறது அதுதான். அதுல ஒரு கரும்புள்ளி இருந்தாலே சூடு அங்கே ஏறி விரிசல் விடும். கவனிக்காம ஓட்டினா லென்சும் போயிடும். கண்ணாடி விலை கொஞ்சம்தான், லென்ஸ் விலை பல மடங்கு. ஃபேன் ஓடுற இடத்துல அதைத் திறக்கக் கூடாது. முந்தானையால துடைக்கவே கூடாது!

குளிர்ந்த தண்ணி ஊத்தின டம்ளர் வெளியில வேர்க்குமில்லையா? மழைக்காலத்துல சில்லர் தண்ணியை ரொம்பக் குளிரா வச்சா லேசருக்குள்ளயும் அப்படித்தான் வேர்க்கும். சித்திரையில வச்ச அளவு ஐப்பசிக்கு ஆகாது. மூடுபனியில வளர்ந்த ஏற்காட்டுப் பிள்ளைக்கு இது சட்டுன்னு புரியும்.

கண் விஷயத்தை மட்டும் கவனமா கேளுங்க. ஃபைபர் லேசர் ஒளி நம்ம கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால இமை தானா மூடாது. பட்டா விழித்திரை போயிடும். வெல்டிங் கண்ணாடி அதுக்கு உதவாது, அந்த லேசருக்குன்னு உள்ள கண்ணாடிதான் வேணும். வேலை சீக்கிரம் முடியணும்னு கதவு சென்சாரை ஏமாத்திட்டு ஓட்டச் சொல்ற இடமும் உண்டு. மாட்டேன்னு சொல்ல நம்ம பொண்ணுக்குத் தைரியம் வேணும். பெத்தவங்களும் சம்பளம் எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, கதவைச் சாத்தித்தான் ஓட்டுறாங்களான்னு கேளுங்க.

நம்ம காப்பி பல்பரும் இப்படித்தான். கொட்டை நசுங்கி வந்தா இடைவெளி குறைவு, பழம் முழுசா வெளியே வந்தா இடைவெளி அதிகம். அதைத் திருகிச் சரிபண்ண ஆளில்லாம தார்ப்பாய் போட்டு மூடி வச்சா, மெஷின் தூங்கினாலும் கடன் தவணை தூங்காது. மெஷின் வாங்கத் தீர்மானம் போடுறப்போ, உதிரிபாகத்துக்கு ஒரு தொகையையும் பராமரிக்கப்போற ரெண்டு பேர் பேரையும் அதே தீர்மானத்துல எழுதுங்க.

பழம் பறிப்பு தொடங்குறதுக்குள்ள பல்பரைக் கழட்டிப் பாக்கணும்னா கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பேன், ஸ்பேனர் செட்டோட வர்றேன்.