கிண்ணம் வராத ஆண்டில் எங்கள் பயிற்றுநர்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிருவாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் கூடைப்பந்தாட்ட அணிகள் இவ்வாண்டு எந்தப் பிரிவிலும் மாகாண மட்டத்தைத் தாண்டவில்லை. 20 வயதுப் பிரிவினர் முதற் சுற்றிலேயே வெளியேறினர். சங்கத்தின் நூற்றாண்டில் கிண்ணமொன்று கல்லூரி மண்டபத்துக்கு வரவேண்டுமென்று நாம் எல்லோரும் ஆசைப்பட்டோம். வரவில்லை. அதன் பின்னர், பயிற்றுநரை மாற்றும்படி கேட்டுச் சங்கத்துக்குக் கடிதங்கள் வந்தன. அவருக்குச் சங்கம் மாதந்தோறும் வழங்கும் கொடுப்பனவை நிறுத்தும்படியும் சிலர் எழுதினர். எழுதியவர்கள் கல்லூரியில் பற்றுள்ளவர்கள். சிலர் அதே திடலில் விளையாடியவர்கள். ஆதலால் பதிலையும் இந்தச் சபையிலேயே சொல்கிறோம். கொடுப்பனவு நிற்காது. பயிற்றுநரும் தொடர்வார்.

சென்ற ஆண்டு முதல் ஐவராக இறங்கியவர்களில் நால்வர் உயர்தரம் முடித்து வெளியேறிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். எங்கள் திடலுக்குக் கூரை இல்லை; ஐப்பசி, கார்த்திகை மழையில் சீமெந்துத் தளம் வழுக்கும், பயிற்சி நடவாது. மழை விட்டால் ரியூசன். மூன்றரை மணிக்குப் பயிற்சி தொடங்கினால் நாலரைக்குப் பாதி அணி புத்தகப் பையைத் தூக்கிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, பெற்றோரையும் சொல்ல முடியாது. உயர்தரப் பிள்ளையைக் கிழமைக்கு இரண்டு நாளாவது விடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டவர் இந்தப் பயிற்றுநர்தான். தன்னுடைய வேலை முடிந்த பின்னர், தன்னுடைய பெற்றோல் செலவில்.

கடைசி ஆட்டத்தில், வெல்ல வழியில்லை என்று தெரிந்ததும், வாங்கில் இருந்த சின்னப் பிள்ளைகளை அவர் இறக்கினார். அது பிழையென்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். நாங்கள் அதைச் சரியென்றே கொள்கிறோம். அடுத்த வருடம் ஆடப்போவது அவர்கள்தானே! அந்தத் தோல்விக்குப் பிறகு ஒரு பிள்ளையும் அணியை விட்டு விலகவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

ஒரு பயிற்றுநர் பிள்ளைகளை இழிவாகப் பேசினால், காயத்தோடு ஆடவைத்தால், சங்கம் ஒரு நாளும் பொறுக்காது. தோற்பது அந்த வகைக் குற்றம் அல்ல.

வட அமெரிக்காவில் வாழும் சகோதரிகள் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெஃப்ஸ்கியை அறிவார்கள். 1980 இல் பொறுப்பேற்றார். இரண்டாவது பருவத்தில் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவதில் 11 வெற்றி, 17 தோல்வி. 1983 மார்ச்சில் வேர்ஜீனியாவிடம் 109க்கு 66 என்று தோற்றபோது, அவரை அனுப்பிவிடும்படி அங்கும் பழைய மாணவர்களே குரல் எழுப்பினார்கள். விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் டொம் பட்டர்ஸ் அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தை நீடித்தார். அந்த 109க்கு 66ஐ முதலாம் வருட மாணவர்களாக அனுபவித்தவர்கள் 1986 இல் தேசிய இறுதியாட்டம் வரை போய் மூன்று புள்ளிகளால் தோற்றார்கள். முதற் கிண்ணம் 1991 இல். அவர் ஓய்வு பெறும்போது கிண்ணங்கள் ஐந்து.

ஆனால் வென்றபடியால்தான் இது கதையாயிற்று. துணைநின்றும் கிண்ணம் வராத பயிற்றுநர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களைப் பற்றி மேடையில் யார் பேசுகிறார்கள்? இந்த விளையாட்டை 1891 இல் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே கன்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்றுநராக 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றவர். அங்குள்ள ஆடுகளம் இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. எனவே, ஐந்து வருடத்தில் கிண்ணம் வரும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குத் தரவில்லை. வராவிட்டாலும் இந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஒருவர் வேண்டும் என்பதே குழுவின் நிலைப்பாடு.

துணைநிற்பது என்று வாயால் சொல்லிவிட்டு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் விமானம் ஏறுவது சுலபம். ஆகவே சில காரியங்கள். வெளி ஆட்டங்களுக்குப் போக வான் வாடகையைச் சங்கம் பொறுப்பேற்கிறது. இதுவரை பெரும்பகுதியைப் பயிற்றுநரே தன் கையிலிருந்து கொடுத்து வந்திருக்கிறார். பயிற்சி நாட்களில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க உள்ளூர்ச் சகோதரிகள் முறை வைத்துக்கொள்ளவேண்டும். கூரை பெரிய வேலை, அதை இன்று பேசவில்லை. முன்னர் விளையாடியவர்கள் சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு எதிரணியாக ஆடினால் பெரிய உதவி. மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

பன்னிரண்டு பிள்ளைகளின் சப்பாத்து அளவுகளும் பொருளாளரிடம் உள்ளன. தேநீருக்குப் போகுமுன் அவரைச் சந்தித்துவிட்டுப் போங்கள்.