தானியங்கும் ஒப்பந்தமும் மழைமானியும்



மனிதர் குறுக்கிடாமல் தானே நிறைவேறும் ஒப்பந்தம் கணினி யுகத்தின் புதுமை என்று எண்ணப்படுகிறது. அதன் கருத்து 2003-ஆம் ஆண்டிலேயே கிராமத்தை எட்டிவிட்டது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பேசிக்ஸ் நிறுவனம், ஐசிஐசிஐ லொம்பார்டு நிறுவனத்துடன் இணைந்து, உலக வங்கியின் தொழில்நுட்ப உதவியுடன், மகபூப்நகர் மாவட்டத்தில் மழைக் காப்பீட்டைத் தொடங்கிற்று. முதலாண்டில் 230 நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகள் சேர்ந்தனர். வயல்தோறும் சென்று சேதத்தை மதிப்பிடும் வேலை அதில் இல்லை. குறித்த மழைமானியில் பதிவாகும் மழை, வரையறுத்த அளவுக்குக் குறைந்தால் இழப்பீடு உண்டு, குறையாவிடில் இல்லை.

2015-இல் தொடங்கிய எதிரியம் போன்ற கிரிப்டோ நாணய வலைப்பின்னல்களில் இயங்கும் ஸ்மார்ட் ஒப்பந்தங்களும் இத்தகையனவே. கிரிப்டோ நாணயம் நம் நாட்டில் சட்டப்பூர்வமான செலாவணி அன்று. எனினும் இத்தொழில்நுட்பம் ஆராயத்தக்கது. ரிசர்வ் வங்கி ஐதராபாத்தில் நிறுவிய ஐடிஆர்பிடி, பிளாக்செயின் பற்றி 2017-இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது.

ஒப்பந்தம் வெளியுலகை நேரே காண இயலாது. மழை, விலை போன்ற தகவல்களை அதனிடம் சேர்க்கும் அமைப்பே ‘ஆரக்கிள்’. ஒரே ஆரக்கிளை நம்பினால், அது பிழைபடும்போது ஒப்பந்தமும் பிழைபடும். பலவற்றை நாடி, ஒவ்வொன்றின் விடையையும் வலைப்பின்னலில் தனித்தனியே பதிந்தால் கட்டணம் பெருகும். செயின்லிங்க் 2021-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இச்சிக்கலைத் தளர்த்தியது. பல கணினிகள் வலைப்பின்னலுக்கு வெளியே தகவல்களைத் தொகுத்து, கையொப்பமிட்டு, ஒரே அறிக்கையாகப் பதிகின்றன. அவற்றின் நடு அளவே ஏற்கப்படுவதால், ஓரிரு தவறான விடைகள் முடிவை மாற்றுவதில்லை.

ஆயினும் செலவு குறைவதே திறமை ஆகிவிடாது. மழைமானி உள்ள ஊரில் மழை பெய்து, சில கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலம் காய்ந்தால், விவசாயி பயிரையும் இழப்பார், இழப்பீடும் பெறார். பத்து ஆரக்கிள்கள் அதே மழைமானியைப் படித்தாலும் சாட்சி ஒன்றே. ஒப்பந்தம் பிழையின்றி நிறைவேறும், நியாயம் நிறைவேறாது.

எனவே, கணக்கீட்டில் மிச்சமாகும் பணம் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். மழைமானிகள் வயலுக்கு அருகே வரவேண்டும். அவை ஒழுங்காகப் பராமரிக்கப்பட வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் தரும் செயற்கைக்கோள் படங்கள் போன்ற வேறு சாட்சியங்களும் ஒப்பிடப்பட வேண்டும். விவசாயி முறையிடவும் வழி இருக்க வேண்டும். விரைவும் நேர்மையும் கைகோத்தால்தான் இத்தொழில்நுட்பம் வளர்ச்சிக்குத் துணையாகும்.