கறுப்புத் தாயும் மகளும் எடுத்த படங்கள்
(வெள்ளி விழாச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். லடோயா ரூபி பிரேசியர் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியின் பணியை எடுத்துக்கொள்கிறேன். கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1946ஆம் ஆண்டு பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின மக்களின் பேரறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். அந்த டு பாய்ஸ் 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சிக்குத் தம் மக்களின் ஒளிப்படங்கள் 300க்கும் மேல் தொகுத்து அனுப்பியவர். ஆகவே இந்த உறவும் பழையது, படங்களின் வழியாகப் பேசும் முயற்சியும் பழையது.

பிரேசியர் 1982இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராடக் என்னும் ஊரில் பிறந்தார். ஆண்ட்ரூ கார்னகியின் எஃகு ஆலை 1875இல் அங்கேதான் தொடங்கியது. 1920இல் 20,000 பேர் வாழ்ந்த ஊர் அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,000 பேரும் இல்லை. எஃகுத் தொழில் நலிந்தபோது வசதியுள்ள வெள்ளையர் வெளியேறினர். வேறிடத்தில் வீடு வாங்கக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் ஆலைப் புகையோடு அங்கேயே இருந்தனர். அவ்வூரின் வரலாறு கார்னகியைப் போற்றியது. அம்மக்களின் உழைப்பை மறந்தது.

மாணவியாக இருந்தபோதே பிரேசியர் தம் வீட்டைப் படம் எடுக்கத் தொடங்கினார். பாட்டி ரூபி, தாய், தாம் என மூன்று தலைமுறைப் பெண்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள். 2001 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்பணி நீடித்து, 2014இல் நூலாயிற்று. நம் வீடுகளில் பாட்டியின் படம் என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் வாக்காளர் அட்டைக்கு எடுத்ததாகவே இருக்கும். அதை நினைத்துக்கொண்டு இப்படங்களைப் பாருங்கள்.

2008இல் எடுத்த ஒரு படம். முன்னே தாயின் பக்கவாட்டு முகம். பின்னே நம்மை நேராக நோக்கும் மகள். தாயின் முகம் மகளின் முகத்தில் பாதியை மறைக்கிறது. இருவர் சேர்ந்தே ஒரு முகம் ஆகிறது. இரக்கம் கேட்கும் பார்வை அதில் இல்லை. பல சமயம் தாயே மகளைப் படம் எடுத்தார். எது படமாக வேண்டும் என்பதையும் அவர் சொன்னார். சேரிக்கு வந்து, கந்தல் துணியையும் குழந்தையின் கண்ணீரையும் எடுத்துக்கொண்டு மாலை வண்டியில் திரும்புகிறவரின் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

2010இல் அவ்வூர் மருத்துவமனை மூடப்பட்டது. தாயும் மகளும் நோயாளிகள் என்பதால் அது அவர்களுக்கு வெறும் செய்தியன்று. அதே ஆண்டு லீவைஸ் நிறுவனம் பிராடக்கைப் புதுவாழ்வின் களமாகக் காட்டித் தன் உடைகளுக்கு விளம்பரம் செய்தது. பிரேசியர் அந்நிறுவனத்தின் உடையையே அணிந்து, அது கிழியும் வரை நியூயார்க் நடைபாதையில் தம் உடலைத் தேய்த்து மறுப்புத் தெரிவித்தார்.

பின்னர்ப் புகழ் வந்தது. 2012இல் விட்னி அருங்காட்சியகத்தின் ஈராண்டுக் கண்காட்சி, 2015இல் 6,25,000 டாலர் மக்கார்தர் நல்கை, 2024இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுந்ததுண்டு. ஏழையின் வீட்டுப் படத்தைச் செல்வர் விலை கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டினால், அந்த ஏழைக்கு என்ன கிடைத்தது?

இதற்குப் பிளின்ட் நகரில் அவர் செய்தது விடையாக அமைகிறது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம் அது. செலவைக் குறைக்கவென்று 2014இல் குடிநீரைப் பிளின்ட் ஆற்றிலிருந்து எடுத்தனர். அரிப்பைத் தடுக்கும் மருந்தை நீரில் கலக்கவில்லை. குழாய்களின் ஈயம் குழந்தைகளின் உடலில் ஏறியது. 2016இல் ஓர் இதழுக்காகச் சென்ற பிரேசியர், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு கவிஞரின் குடும்பத்தோடு ஐந்து மாதங்கள் தங்கினார். இதழின் வேலை முடிந்த பின்பும் பலமுறை திரும்பச் சென்றார். தம் கண்காட்சியில் வந்த பணத்தோடு ஓர் அறக்கட்டளையின் நல்கையையும் சேர்த்து, காற்றின் ஈரத்திலிருந்து நீர் எடுக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை 2019இல் அந்நகருக்கு வரவழைத்தார். மக்கள் குடங்களும் புட்டிகளுமாக வந்து இலவசமாக நீர் பிடித்துச் சென்றனர். அந்த வரிசையையும் அவர் படம் எடுத்தார், இம்முறை வண்ணத்தில்.